வாக்கில்லாதாரின் பிரதிநிதி

பாராளுமன்றத்தில் நெடுங்காலம் அமர்ந்தோரின் பெருமையை ஆண்டுக் கணக்கால் அளப்பது உலக வழக்கு. சௌமியமூர்த்தி தொண்டமானின் வாழ்விலோ, ஆசனமின்றி நின்ற காலமே நமக்கு அதிகம் போதிக்கின்றது.

தமிழகத்தில் 1913 இல் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையாரின் இறம்பொடைத் தோட்டத்திற்கு வந்தார். 1947 பொதுத் தேர்தலில் நுவரெலியா மக்கள் அவரைத் தெரிந்தனுப்பினர். அடுத்த ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949 இன் தேர்தல் திருத்தமும் அம்மக்களுட் பெரும்பாலாரின் வாக்கைப் பறித்தன. வாக்கு இல்லையேல் பிரதிநிதி ஏது? 1952 இல் தொண்டமான் ஆசனமிழந்தார்.

ஆயினும் அவர் ஓய்ந்தாரல்லர். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸே வாக்கற்ற தொழிலாளரின் குரலாயிற்று. 1960 இலும் 1965 இலும் அவர் நியமன உறுப்பினரானார். மக்கள் வாக்கால் மீண்டும் தெரிவானது, முதல் வெற்றிக்கு முப்பது ஆண்டுகளின் பின், 1977 இலேயாம். 1978 இல் அமைச்சரானார். எஞ்சிய நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 1988 இல் நிறைவேறியது. 1999 இல் அமைச்சராகவே மறைந்தார்.

யட்டவத்தைத் தோட்டங்களில் வளரும் மாணவர்களே! பதினெட்டு வயது நிறைந்ததும் வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். அந்த ஒரு வரிக்காக உங்கள் பாட்டன்மார் பலர் நாற்பது ஆண்டுகள் காத்திருந்தனர்.