குழாய் வாயில் நிற்க வேண்டிய சட்டம்

2025 ஜூனில் அமெரிக்காவின் அயோவா மாநிலத் தலைநகர் டி மொய்னிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் புல்வெளிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சத் தடை வந்தது. ஆறுகளில் தண்ணீர் தாராளமாக ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தத் தண்ணீரில் கலந்திருந்த நைட்ரேட்டை நீக்கிக் குடிநீராக்கும் வேகம் நகரின் தேவைக்குப் போதவில்லை.

அந்த நைட்ரேட்டில் பெரும்பகுதி வயல்களுக்கு அடியிலிருந்து வருகிறது. வடமத்திய அயோவா ஒரு காலத்தில் ஈரம் வற்றாத புல்வெளியும் சதுப்புமாகக் கிடந்த நிலம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மூன்று, நான்கு அடி ஆழத்தில் சுட்ட மண் குழாய்களைப் பதித்து அதை வடித்தார்கள். இன்று பதிப்பவை துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்கள். மக்காச்சோளமும் சோயாவும் அங்கே செழிப்பது இதனால்தான். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் என்பதால், வடிகாலே கூடாது என்று எந்த விவசாயியிடமும் சொல்ல முடியாது.

ஆனால் நீர் ஊறிய மண்ணுக்கு ஒரு வேலை இருந்தது. காற்றுப் புகாத அந்த ஈரத்தில் வாழும் நுண்ணுயிரிகள் நைட்ரேட்டைச் சிதைத்து நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடும். குழாய் அதற்கான அவகாசத்தைப் பறித்துவிட்டது. பயிர் வேர்விடாத வசந்த காலத்தில் மழை பெய்தால், உரத்திலும் மட்கிலும் இருந்து கரைந்த நைட்ரேட் நேரே ஓடைக்குப் போகிறது. நிலத்தின்மேல் ஓடும் நீர் குறைவதால் மண் அரிப்பும், மண்ணோடு அடித்துச் செல்லப்படும் பாஸ்பரசும் குறைகின்றன என்பது உண்மை. அந்த நன்மை நைட்ரேட்டுக்கு ஈடாகாது.

நிலத்தடி நீருக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. ஓடை எட்டாத இடங்களில், வடிகால் நீரைத் துளைக்கிணறுகள் வழியே சுண்ணாம்புப் பாறை ஊற்றுக்குள்ளேயே இறக்கினார்கள். மண் வடிகட்டுவதற்கு வழியே இல்லாமல் உரமும் பூச்சிக்கொல்லியும் நிலத்தடி நீரில் கலந்தன. 1987இல் அயோவா நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அந்தக் கிணறுகள் பலவற்றை அரசுப் பணத்தில் மூட வேண்டிவந்தது.

ஆற்றுக்கு அந்தக் காப்பும் கிடைக்கவில்லை. 1972இன் தூய நீர்ச் சட்டம் வயலிலிருந்து வடியும் மழைநீருக்கு விலக்கு அளிக்கிறது. குழாய் வழியே வருவதை ஆலைக் கழிவுபோலக் கருதி உரிமம் கேட்க வேண்டும் என்று, டி மொய்ன் குடிநீர் நிறுவனம் 2015இல் மூன்று மாவட்டங்களின் வடிகால் அமைப்புகள்மீது வழக்குத் தொடுத்தது. 2017இல் வழக்கு தள்ளுபடியானது. நீரை வடிப்பதற்கு மட்டுமே உருவான அமைப்புகள் அவை, பரிகாரத்தைச் சட்டமன்றத்தில்தான் தேட வேண்டும் என்றது நீதிமன்றம். சட்டமன்றம் அந்தப் பொறுப்பை இன்றுவரை ஏற்கவில்லை. நைட்ரேட்டை நீக்கும் செலவு குடிநீர்க் கட்டணம் கட்டுபவர் தலையில் விழுகிறது.

செய்யக்கூடியவை தெரிந்தவைதான். குழாய் வாயில் மரச்சில்லு நிரப்பிய குழி அமைத்தால், சதுப்பு மண் செய்த வேலையை அங்கே நுண்ணுயிரிகள் செய்யும். ஓடைக்கரை மண்ணுக்குள் நீரைத் திருப்பலாம், சிறு ஈரநிலம் அமைக்கலாம், அறுவடைக்குப்பின் மூடுபயிர் விதைக்கலாம். 2013இல் அயோவா வகுத்த திட்டம் ஊட்டச்சத்துக் கசிவை 45 சதவீதம் குறைக்க வேண்டும் என்கிறது; விவசாயிகள் விரும்பினால் செய்யலாம் என்றும் விட்டுவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நகரம் தண்ணீருக்குக் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. விருப்பத்துக்கு விட்டது போதும். புதிதாகக் குழாய் பதிக்கும் ஒவ்வொரு வயலிலும் அதன் வாயிலேயே நீரைச் சுத்திகரிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். அதற்கான செலவில் பாதியையாவது அரசு ஏற்க வேண்டும்.