உணவுக் கடையும் ஊரின் அடையாளமே!

ஜீவனஹள்ளிக்கோ காக்ஸ் டவுனுக்கோ புதிதாக வருபவர் வழி கேட்டால், கதவு எண்ணைச் சொல்வோர் குறைவு. "அந்த ஓட்டலைத் தாண்டி வலது பக்கம் திரும்புங்கள்" என்பதே பதிலாக வரும். ஒரே குறுக்குத் தெரு எண் பேட்டைக்குப் பேட்டை வரும் பெங்களூரில், பழகிய உணவுக் கடையே நம்பத்தக்க முகவரி.

இத்தகைய கடைகளுக்குப் பெயர் தேடித் தந்தது ஆடம்பரமல்ல; அவற்றின் தனிப்போக்கே. சங்கரபுரத்தில் 1965-ல் தொடங்கிய பிராமின்ஸ் காபி பாரில் இட்லிக்குச் சாம்பார் கிடையாது, சட்னிதான். மக்கள் தெருவோரம் நின்றபடியே சாப்பிடுகிறார்கள். காந்தி பஜாரில் 1943 முதல் நடைபெறும் வித்யார்த்தி பவனில், பரிமாறுபவர் ஒரே கையில் பத்துக்கு மேற்பட்ட தோசைத் தட்டுகளை அடுக்கி வருவது ஒரு காட்சி.

ஆனால் புகழ் மட்டும் கடையைக் காப்பாற்றிவிடாது. மகாத்மா காந்தி சாலையின் காபி ஹவுஸ் 2009-ல் பழைய இடத்தை விட்டுச் சர்ச் தெருவுக்குப் போயிற்று. மல்லேஸ்வரத்தில் 1954-ல் தோன்றிய நியூ கிருஷ்ண பவன் 2023-ல் மூடப்பட்டது. பெயர் பெற்ற ஓட்டல்களுக்கே இந்தக் கதி என்றால், விடியற்காலையில் தொழிலாளியின் பசியாற்றும் தள்ளுவண்டிக் கடையின் நிலை என்ன?

தெரு வியாபாரிகளைக் காக்க 2014-ல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. வியாபாரிகளை அப்புறப்படுத்த 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவிகிதம் அவர்களின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். 50 ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும். அங்குள்ளோரை இடம் மாற்றலாகாது என்கிறது சட்டம். ஒரு கடையின் வயதும் ஊரின் சொத்து என்பதை ஒப்புக்கொண்ட நல்ல சட்டம் இது.

நடைபாதை நடப்பவர்களுக்கே உரியது என்பதை மறுப்பதற்கில்லை. தண்ணீரும் தட்டும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதிலும் இரு கருத்து இல்லை. அதற்கு வழி, வண்டியைக் கவிழ்ப்பதல்ல. இடம் குறித்துக் கொடுத்து, குழாய் நீரும் குப்பைத் தொட்டியும் தந்து, பிறகு கண்டிப்புடன் நடத்துவதே.

நகர ஆட்சியினர் ஜீவனஹள்ளி போன்ற பகுதிகளில் பழைய கடைகளைக் கணக்கெடுத்து, சட்டம் தரும் பாதுகாப்பை அவற்றுக்கு வழங்க ஆவன செய்ய வேண்டும். சாலையை அகலப்படுத்தலாம்; வழி சொல்ல ஓர் அடையாளமும் மிஞ்ச வேண்டாமா?