வெயிலை வீணாக்கலாமா?

புதுவையில் வெயிலுக்குப் பஞ்சம் என்று எவரும் சொல்லார். சித்திரை, வைகாசி மாதங்களில் நடுப்பகலில் கடற்கரைச் சாலையில் பத்து நிமிஷம் நின்றவர்களுக்குச் சூரியனுடைய தாராளத்தைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் அதே ஊரில், விடியற்காலையில் ஸ்நானத்துக்கு வெந்நீர் வேண்டுமென்றால், நம்மவர் கை முதலில் நாடுவது சுவரிலுள்ள மின்சார விசையைத்தான். மாடியின்மீது பகல் முழுவதும் இலவசமாகக் கொட்டிய உஷ்ணத்தைக் காற்றில் போகவிட்டு, மறுநாட் காலையில் காசு கொடுத்து உஷ்ணம் வாங்குகிறோம். இது விவேகமான காரியந்தானா என்பதை நாம் சற்று நிதானித்து யோசிக்க வேண்டும்.

அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? காரைக்காலில் 32.5 மெகாவாட் சக்தியுள்ள எரிவாயு நிலையம் ஒன்று புதுவைக்குச் சொந்தமாக இருக்கிறது. மற்றபடி நமக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதி மத்திய சர்க்காரின் நிலையங்களிலிருந்து வருவதே. அவற்றுள் நமக்கு அண்டையிலுள்ளது நெய்வேலி. அங்கே பூமியைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரியை எடுத்து, அதை எரித்து நீராவியாக்கி, அந்த நீராவியால் சக்கரத்தைச் சுழற்றி மின்சாரம் உண்டாக்குகிறார்கள். எரித்த கரியின் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மிச்சம் ஆகாயத்தோடு போகிறது. இவ்வளவு அரும்பாடுபட்டுப் பெற்ற உயர்ந்த சக்தியை, குளிப்பதற்கு இதமாக ஒரு வாளித் தண்ணீரைச் சூடாக்கச் செலவிடுகிறோம். விளக்கு எரியவும், யந்திரம் ஓடவும் மின்சாரத்தை விட்டால் வேறு வழியில்லை. தண்ணீரைச் சுட வைக்கவோ வழி நம் தலைக்கு மேலேயே இருக்கிறது.

வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களைக் கொண்ட சூரிய வெந்நீர்க் கருவியைப் பல வீட்டு மாடிகளில் வாசகர்கள் பார்த்திருப்பார்கள். அது எப்படி வேலை செய்கிறதென்று கேட்டால் பதில் சொல்லக் கூடியவர்கள் சிலரே. இதில் மாயவித்தை ஒன்றுமில்லை. காப்பியைச் சூடாக வைத்திருக்கும் பிளாஸ்க்கை நாம் அனைவரும் அறிவோம். 1892-ம் வருஷம் ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி அதைச் செய்தார். இரண்டு சுவர்களுக்கு நடுவே காற்றை அகற்றிவிட்டால் உஷ்ணம் கடந்து செல்வதற்குப் பாலம் இல்லாமற் போகிறது. இதுவே அதன் தத்துவம். சூரியக் குழாயும் ஒரு நீண்ட பிளாஸ்க்தான். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குழாய்கள், நடுவே வெற்றிடம். வெளிக் குழாய் வெயிலை உள்ளே விடுகிறது. உட்குழாயின்மேல் பூசியுள்ள கரிய பூச்சு, விழும் கதிர்களில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் உறிஞ்சிக்கொண்டு, உஷ்ணமாக வெளியே திருப்பி அனுப்புவதை மிகச் சொற்பமாக்குகிறது. இவ்விதப் பூச்சுகளை ஆஸ்திரேலியாவின் சிட்னி சர்வகலாசாலையில் 1970-களிலும், சீனாவின் சிங்ஹுவா சர்வகலாசாலையில் 1980-களிலும் ஆராய்ந்து சீர்ப்படுத்தினார்கள்.

குழாய்களின் மேல் நுனிகள் ஒரு வெந்நீர்த் தொட்டிக்குள் செருகப்பட்டிருக்கும். குழாயில் சூடான தண்ணீர் இலேசாகி மேலே ஏறும். தொட்டியிலுள்ள குளிர்ந்த நீர் கனத்தால் கீழே இறங்கும். பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். வெயில் உள்ளவரையில் இச்சுழற்சி தானே நடக்கும். தொட்டியைச் சுற்றி உஷ்ணம் போகாத உறை இருப்பதால் மாலையில் சேர்ந்த சூடு மறுநாட் காலை வரையில் நிற்கிறது.

கணக்கையும் பார்ப்போம். 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி உயர்த்த ஏறக்குறைய மூன்றரை யூனிட் உஷ்ணம் தேவை. நம் பிரதேசத்தில் ஒரு சதுர மீட்டர் தரையில் சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 5 யூனிட் சூரிய சக்தி விழுகிறது. அதில் பாதியைப் பிடித்தாலும், ஒன்றரைச் சதுர மீட்டர் பரப்பு ஒரு குடும்பத்துக்குத் தாராளமாகப் போதும். மொட்டைமாடியில் இரண்டு பாய் விரிக்கும் இடங்கூட வேண்டியதில்லை.

இதற்கு ஆட்சேபங்கள் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வெந்நீரை மனம் நாடும்போது மேகம் வானத்தை மூடிக்கொள்கிறது. வெற்றிடக் குழாய்கள் மங்கிய வெளிச்சத்தையும் ஓரளவு பயன்படுத்தும். விடாத அடைமழையில் அவையும் கைவிட்டுவிடும். அத்தகைய சில நாட்களுக்கு மின்சாரம் துணை நிற்கட்டும். வருஷம் முழுவதும் அதுவே எஜமானாக இருக்க வேண்டியதில்லை. மற்றொன்று, உப்புத் தண்ணீர். கடினமான நிலத்தடி நீர் நேரே குழாய்க்குள் புகுந்தால் சுண்ணாம்பு உப்பு அடியில் படிந்து, சில வருஷங்களில் சூடு குறைந்துவிடும். இப்படிப்பட்ட நீர் உள்ளவர்கள், தண்ணீர் குழாய்க்குள்ளேயே வராமல், உள்ளிருக்கும் செப்புத் தண்டின் வழியாக உஷ்ணம் மட்டும் தொட்டிக்குச் செல்லும் வகையை வாங்குவது நலம். விலை சற்று அதிகமானாலும் ஆயுள் அதிகம்.

நாம் காணும் பழுதுகளில் பல, கருவியின் குற்றமல்ல, அறியாமையின் குற்றம். உச்சி வெயிலில் காலியாகக் காய்ந்து கொதிக்கும் குழாயில் குளிர்ந்த நீரை விட்டால் கண்ணாடி வெடிக்காமல் என்ன செய்யும்? விடியற்காலையில், அல்லது குழாய்களைச் சாக்கால் மூடி ஆற வைத்த பிறகே, நிரப்ப வேண்டும். குழாயின் அடிநுனி வெள்ளி போல் மின்னினால் வெற்றிடம் உறுதியாக இருக்கிறதென்று பொருள். பால் போல் வெளுத்தால் காற்றுப் புகுந்துவிட்டது, அந்தக் குழாயை மாற்ற வேண்டும். தண்ணீர் நிறைந்த 100 லிட்டர்க் கருவி 150 கிலோவுக்கு மேல் கனக்குமாகையால், மரக்கட்டை தாங்கும் பழைய மாடிகளில் சுவரின்மேல் பாரம் இறங்கும்படி வைக்க வேண்டும். கருவி தெற்கு நோக்கி, நிழல் படாமல் நிற்க வேண்டும். வெந்நீர் செல்லும் குழாய் நீண்டு, மேலுறையும் இல்லாதிருந்தால், வாளிக்கு வந்து சேர்வது வெதுவெதுப்பு மாத்திரமே. இவற்றை விற்பவர் சொல்லாவிட்டால் வாங்குபவர் கேட்க வேண்டும்.

இன்னோர் உண்மையையும் ஒப்புக்கொள்வோம். புதுவையின் சாதாரணக் குடும்பத்துக்கு வருஷம் முழுவதும் வெந்நீர் அவசியமில்லை. பலர் பச்சைத் தண்ணீரிலேயே குளிப்பவர்கள். ஆகவே ஏழைக் குடும்பஸ்தரை நோக்கி முதலில் உபதேசம் செய்வது முறையன்று. தினந்தோறும், பருவ பேதமின்றி, நூற்றுக்கணக்கான லிட்டர் வெந்நீர் செலவாகும் இடங்கள் வேறே இருக்கின்றன. ஜிப்மர் முதலாக வைத்தியசாலைகள் மலிந்த ஊர் இது. யாத்திரிகரும் உல்லாசப் பிரயாணிகளும் வந்து தங்கும் ஹோட்டல்கள் நிறைந்த ஊர். மாணவர் விடுதிகளும் பெரிய சமையற்கூடங்களும் உள்ள ஊர். கடமை முதலில் இவற்றுக்கே. மத்திய சர்க்கார் 2007-ம் வருஷம் வெளியிட்ட எரிசக்திச் சிக்கனக் கட்டிட விதிகள், பொதுவான வெந்நீர் ஏற்பாடுள்ள ஹோட்டல்களும் ஆஸ்பத்திரிகளும் அதன் அளவில் ஐந்தில் ஒரு பங்கையாவது சூரியனிடமிருந்து பெற வேண்டுமென்று கூறின. விதி ஏட்டில் இருந்து பயனென்ன? அது மாடியில் ஏற வேண்டும்.

வழிகாட்டிகளைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டாம். நமக்கு அடுத்துள்ள ஆரோவில்லில், 15 மீட்டர் அகலமுள்ள கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைச் சமையற்கூடத்தின் கூரையிலேயே அமைத்து, வெயிலால் நீராவி உண்டாக்கிச் சமையலுக்கு உபயோகித்தார்கள். கருவி வேறு, சூரியன் ஒன்றுதான். இஸ்ரேல் தேசம் 1980-ம் வருஷத்திலேயே புதிய வீடுகளுக்குச் சூரிய வெந்நீர்க் கருவியைச் சட்டத்தால் கட்டாயமாக்கிற்று. எண்ணெய்ப் பஞ்சம் அவர்களுக்குப் பாடம் கற்பித்தது.

சரித்திரம் மற்றொரு பாடமும் சொல்கிறது. அகஸ்தேன் மூஷோ என்ற பிரெஞ்சு ஆசிரியர் 1878-ம் வருஷத்துப் பாரிஸ் கண்காட்சியில் சூரிய உஷ்ணத்தால் யந்திரத்தை ஓட்டி, பனிக்கட்டியும் உண்டாக்கிக் காட்டினார். உலகம் வியந்து பரிசளித்தது. ஆனால் நிலக்கரி மலிவாகக் கிடைத்ததால் பிரெஞ்சு சர்க்கார் அம்முயற்சியைக் கைவிட்டது. அன்று மலிவென்று எண்ணிய கரிக்கு உலகம் இன்று செலுத்தும் விலையை நாம் அறிவோம். அதே தவற்றை, பிரான்ஸைவிட அதிகமாக வெயில் காயும் இந்த மண்ணில் நாம் செய்யலாமா?

புதுவை சர்க்காரிடம் நாம் கோருபவை அதிகமல்ல. புதிய கட்டிடங்களுக்கு அனுமதி தரும்போதே, மாடியில் தெற்கு வெயில் படும் இடமும், அங்கிருந்து ஸ்நான அறைக்கு உறையிட்ட வெந்நீர்க் குழாயும் வரைபடத்தில் உண்டா என்று பார்க்க வேண்டும். சர்க்காரின் வைத்தியசாலைகளும் விடுதிகளும் முன்மாதிரியாக நிற்க வேண்டும். கருவியை வாங்கும் ஒப்பந்தத்திலேயே, குறைந்தது ஐந்து வருஷப் பராமரிப்பும் சேர வேண்டும். திறப்பு விழா முடிந்தபின் கவனிப்பாரற்றுக் கிடக்கும் கருவி, இல்லாத கருவியைவிட மோசம், ஏனெனில் அது ஜனங்களின் நம்பிக்கையையும் கெடுக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் நம் வாலிபர்களுக்கு இந்த வேலையைக் கற்பிக்க வேண்டும். இந்தியாவில் விற்கும் வெற்றிடக் குழாய்களில் பெரும்பாலானவை சீனாவிலிருந்து வருபவை. வெயில் நம்முடையது, வெந்நீர் நம்முடையது, கண்ணாடி மட்டும் அந்நிய நாட்டினது என்ற நிலை நீடிப்பது நமக்கு அழகல்ல.

தேச பக்தி மேடையில் மட்டும் விளங்கும் பொருளல்ல. தேசத்தின் செல்வம் எங்கே வீணாகிறதென்று கண்டு அதைத் தடுப்பதும் தேச பக்தியே. நாளைக் காலையில் வெந்நீருக்காக விசையைத் தட்டப் போகும் ஒவ்வொருவரும், இன்று பகலில் ஒரு தரம் தம் மாடிக்கு ஏறிப் பார்க்கட்டும். அங்கே காய்ந்து கிடக்கும் வெயில் மற்றதைச் சொல்லும்.