தண்ணீரில் ஆயில்: பிரிப்பதற்கு முன் சோதியுங்கள்

காலையில் காரை எடுக்கும் முன் கூலன்ட் டப்பாவைப் பார்க்கிறீர்கள். பச்சையாகவோ சிவப்பாகவோ தெளிவாக இருக்க வேண்டிய திரவத்தின் மேல், ஆறிய காபியில் படிந்த ஏடு போலப் பழுப்பாக ஏதோ மிதக்கிறது. தொட்டால் வழவழக்கிறது. ஆயில் கலந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் எட்டிப் பார்த்த வேகத்திலேயே தீர்ப்பு வரும்: "ஹெட் கேஸ்கட் போயிடுச்சு சார். பிரிச்சாகணும்."

தீர்ப்பு சரியாகவும் இருக்கலாம். ஆனால் டீசல் கார்களில் சந்தேகிக்க வேண்டிய இன்னொரு ஆசாமி உண்டு: ஆயில் கூலர். மெல்லிய உலோகத் தகடுகளை அடுக்கிய சிறு பெட்டி அது. ஓர் இடுக்கில் ஆயில் ஓடும். அடுத்த இடுக்கில் கூலன்ட். தகட்டில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலோ, ரப்பர் வளையம் காய்ந்தாலோ இரண்டும் கலந்துவிடும். மாருதி 2020 ஏப்ரலில் டீசல் கார்களை நிறுத்தினாலும், அதற்கு முன் விற்ற ஸ்விஃப்ட், டிசையர் டீசல்கள் கைமாறி ஓடிக்கொண்டிருக்கின்றன. ஃபியட் வடிவமைத்த அவற்றின் 1,248 சி.சி. இன்ஜினில் ஆயில் ஃபில்டரை ஒட்டியே கூலர் இருக்கிறது.

கூலரை மாற்ற ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. கோளாறு கூலரில் இருக்க ஹெட்டைக் கழற்றினால், பணமும் நாட்களும் போன பிறகும் ஆயில் மறுபடி மிதக்கும். ஆகவே, சுலபமான சோதனைகள் முதலில்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறங்கள். சூட்டில் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீறிடும். அடுத்து ஆயில் குச்சியை உருவுங்கள். ஓடும் இன்ஜினில் ஆயிலின் அழுத்தம் சாதாரணமாக 2 முதல் 4 பார். கூலன்ட்டின் அழுத்தம் சுமார் 1 பார்தான். அதனால் ஆயில் தண்ணீருக்குள் போகிறது. இன்ஜினை நிறுத்தியதும் ஆயிலின் அழுத்தம் பூஜ்யமாகிவிடும். சூடான கூலன்ட்டின் அழுத்தம் சற்று நேரம் நிற்கும். அப்போது கூலன்ட் ஆயிலுக்குள் இறங்கலாம். குச்சியில் ஆயில் பால் கலந்தது போல இருந்தால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது, பேரிங்குகள் தேய்ந்துவிடும். வண்டியை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். குச்சி சுத்தமாக இருந்து, ஆயில் ஊற்றும் மூடிக்கடியில் மட்டும் வெள்ளைப் படிவம் இருந்தால் அவ்வளவு பதற வேண்டாம். டெல்லிக் குளிரில் தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில், நீராவி குளிர்ந்தே அப்படிப் படியும்.

மூன்றாவது, வாயு சோதனை. ரேடியேட்டர் வாயில் எழும் காற்றை ஒரு நீல திரவத்தின் வழியே உறிஞ்சுவார்கள். திரவத்தின் நிறம் மாறினால் சிலிண்டரின் எரிவாயு கூலன்ட்டுக்குள் வருகிறது. ஹெட் கேஸ்கட்டோ, ஹெட்டில் விரிசலோதான் காரணம். கம்ப்ரஷன் சோதனை அதை உறுதிசெய்யும். நீலம் மாறாவிட்டால் கூலரைக் கழற்றி, துளைகளை அடைத்து, கையேடு சொல்லும் அழுத்தத்தில் காற்றை ஏற்றி, வெந்நீர் வாளியில் அமிழ்த்தச் சொல்லுங்கள். குமிழி வந்தால் குற்றவாளி சிக்கிவிட்டார். வராவிட்டால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். கேஸ்கட் சிலிண்டரைத் தொடாமல், ஆயில் வழிக்கும் தண்ணீர் வழிக்கும் நடுவே மட்டும் கிழிவதும் உண்டு. ஆட்டோமேட்டிக் கார்களில் படிவம் இளஞ்சிவப்பாக இருந்தால் அது கியர்பாக்ஸ் ஆயிலாக இருக்கலாம். ரேடியேட்டருக்குள்ளேயே அதன் கூலர் இருக்கும் மாடல்களில் இரண்டையும் பார்க்க வேண்டும்.

ஓட்டையான கூலரைப் பற்றவைத்து ஒப்பேற்றாதீர்கள். புதிய ரப்பர் வளையங்களோடு புதிதாகவே போடுங்கள். ஹெட்டைக் கழற்றினால் அதன் பரப்பு வளைந்திருக்கிறதா என்று அளக்காமல் கேஸ்கட்டை மாற்றுவது வீண். போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால், கையேட்டின் வரிசைப்படி முறுக்க வேண்டும்.

பழுதை நீக்கியது பாதி வேலை. மீதிப் பாதி கழுவுவது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, இதற்கென விற்கும் கழுவு திரவத்தைத் தண்ணீரோடு ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இன்ஜினை ஓட்டி, ஆறவிட்டு வடியுங்கள். தெளிந்த நீர் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரே தடவையில் முடிந்துவிட்டது என்று சொன்னால் நம்பாதீர்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றிக் கழுவ விடவே கூடாது: தீ ஆபத்து ஒருபுறம், ரப்பர் கெடுவது மறுபுறம். கூலன்ட் ஹோஸ்களின் ரப்பர் வெந்நீரைத் தாங்கும்; ஆயிலைத் தாங்காது. ஊறி மெத்தென்று ஆன ஹோஸ்களை இப்போதே மாற்றாவிட்டால் நெடுஞ்சாலையில் வெடிக்கும். இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் கூடவே மாற்றுங்கள்.

பிறகு கையேடு சொல்லும் கூலன்ட்டை, வடிநீரோடு சரிபாதி கலந்து ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். போர்வெல் தண்ணீர் வேண்டாம். அதன் உப்பு உள்ளே படிந்து, உலோகத்தையும் அரிக்கும். வடித்த பழைய கூலன்ட்டைத் தெருவில் கொட்டாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். நாயோ பசுவோ நக்கினால் சாகும்.

முதல் சில நாட்கள் மெல்லிய எண்ணெய்ப் படலம் தெரியலாம். தினமும் துடைத்துப் பாருங்கள். குறைந்துகொண்டே வந்தால் அது பழைய மிச்சம். கூடினால் கசிவு இன்னும் இருக்கிறது என்று பொருள், ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்புங்கள்.

மெக்கானிக்கிடம் சண்டை போடத் தேவையில்லை. ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எங்கே கசியுதுன்னு முதல்ல காட்டுங்க, அப்புறம் பிரிங்க." நல்ல மெக்கானிக் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார்.