பெரிய டயர் போட்டால் வெள்ளம் வழிவிடுமா?

ஒவ்வொரு மாரிக்கும் முன்னால எங்கட செட்டுக்குள்ள இந்தப் பேச்சு வரும். கூட்டாளி ஒருத்தனின் வாப்பாவிடம், வட்டைக்குப் போய்வருகிற பழைய ஜீப் ஒன்று இருக்கு. "31 இஞ்சி டயர் போட்டுக் கொஞ்சம் உயர்த்திவிட்டாப் போதும் மச்சான், கிட்டங்கித் தாம்போதிய தண்ணி மூடினாலும் போகலாம்" என்பான். யூடியூப்பில் சேற்றுக்குள் பாய்கிற ஜீப்புகளைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கும் அந்த ஆசை ஒட்டிவிட்டது.

ஆசையில் பிழை இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இப்போதும் புது வாகனம் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத விலை. இருக்கிறதைத்தானே மாற்றி ஓட்டணும்? மாற்றுங்கள். ஆனால் எதுக்காக மாற்றுகிறோம், அதால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று தெரிந்துகொண்டு மாற்றுங்கள். நாங்கள் சொல்ல வருவது இவ்வளவுதான்.

கணக்குக்குப் பயந்து கலைப்பீடத்துக்கு வந்தவர்கள் நாங்கள். ஆனாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஜீப்பில் இருந்தது 215/75ஆர்15 டயர். அதன் மொத்த உயரம் கிட்டத்தட்ட 70 சென்டிமீற்றர். 31 இஞ்சி என்றால் 79 சென்டிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. கூடுவது 8 சென்டிமீற்றர் சொச்சம். அச்சு உயர்வது அதில் பாதி, அதாவது 4 சென்டிமீற்றர். ரெண்டு விரல் அகலம்! ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடி உயரும். ஆனால் இந்த மாதிரிப் பழைய ஜீப்பில் அச்சோடு சேர்ந்திருக்கிற டிஃபரென்ஷியல் உயராது. கல்லில் தட்டுவது அதுதான். அதை உயர்த்துவது டயர் மட்டுமே.

அந்த ரெண்டு விரலுக்கு நாம் கொடுக்கிற விலையைப் பாருங்கள். சில்லு பெரிதானதால் மீற்றர் 60 காட்டும்போது ஜீப் உண்மையில் 67இல் போகும். பிரேக் பழைய பிரேக்தான். பெரிய, பாரமான சில்லை அதே பிரேக் நிறுத்தணும் என்றால் நிற்கிற தூரம் கூடும். முதல் கியரின் இழுவை குறையும். பழைய இழுவை வேணும் என்றால் டிஃபரென்ஷியலின் பல் விகிதத்தை, 4.10 ஆக இருந்தால் 4.56 அளவுக்கு மாற்றணும். ஸ்டியரிங்கை முழுக்க வெட்டினால் டயர் மட்கார்டில் உரசும். பேரிங்கும் சீக்கிரம் தேயும். கராஜ் பாஸ் ஒருவர் எங்களிடம் சொன்னது இது: "தம்பி, டயர் மாத்துறது லேசு. மாத்தின டயர நிப்பாட்டுறதுதான் செலவு."

மணலுக்கும் சேற்றுக்கும் அகலமான டயர் உதவும், மறுக்கவில்லை. பாரம் பரவுவதால் சில்லு புதையாது. நம் விவசாயிகளுக்கு இது புதுசும் இல்லை. சேற்று வயலில் உழவு இயந்திரத்துக்கு இரும்புச் சில்லைப் பூட்டுகிறவர்கள், ரோட்டுக்கு வரும்போது அதைக் கழற்றிவிடுகிறார்கள். எந்த நிலத்துக்கு எந்தச் சில்லு என்ற அறிவு அது. கடற்கரை மணலில் சிக்காமல் போக டயரே மாற்றத் தேவையில்லை; காற்றை 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்கி, மெதுவாக ஓட்டி, ரோட்டில் ஏறுமுன் திரும்ப அடித்தால் பெரும்பாலும் போதும். செலவே இல்லை.

ஆனால் தண்ணீர் வேறு. 2024 நவம்பர் 26. மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை மாவடிப்பள்ளியில் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அந்த ஜனாஸாக்களை நம் ஊர்கள் மறக்கவில்லை. அன்று தண்ணீரில் இறங்கியது சின்னக் கார் இல்லை. நம் ரோட்டில் ஓடுகிறவற்றில் பெரிய சில்லு உழவு இயந்திரத்துக்குத்தான். அதையே தண்ணீர் விடவில்லை என்றால், ரெண்டு விரல் உயர்ந்த ஜீப் எந்த மூலைக்கு?

நீரோட்டத்தின் வேகம் ரெண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நாலு மடங்காகும். காற்று நிறைந்த பெரிய டயர் தண்ணீருக்குள் கூடுதலாக மிதக்கப் பார்க்கும். மிதக்க மிதக்க ரோட்டில் அதன் பிடி குறையும். ஓடுகிற வெள்ளம் 30 சென்டிமீற்றர் இருந்தால் பெரும்பாலான கார்களையும், 60 சென்டிமீற்றர் இருந்தால் ஜீப், பிக்கப் போன்றவற்றையும் கொண்டுபோகலாம் என்று அமெரிக்க வானிலைச் சேவை எச்சரிக்கிறது. தாம்போதிக்கு மேலால் கலங்கல் தண்ணீர் போகும்போது ஆழம் எவ்வளவு, கீழே ரோட்டு இருக்கா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

பெரிய டயரின் உண்மையான ஆபத்து அது தருகிற தைரியம்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். பழைய டயரோடு கரையில் நின்றிருக்கிறவன், புது டயரோடு இறங்கிவிடுவான். பின்னால் நாலு பேர் ஏறியும் இருப்பார்கள்.

வெள்ளத்துக்காக உயர்த்த வேண்டியது தாம்போதிகளைத்தான். அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல், நம் காசில் ஜீப்பை உயர்த்திப் பிரயோசனம் இல்லை.

எங்கட கூட்டாளி கடைசியில் என்ன செய்தான்? அதே அளவில் பூ ஆழமான சேற்று டயர் நாலு வாங்கினான், பிரேக்கையும் புதுசாக்கினான். 31 இஞ்சி ஆசை இன்னும் போகவில்லை. ஃபோனில் படம் காட்டிக்கொண்டுதான் திரிகிறான். அதைப் போட்டாலும் சரி, ரோட்டுக்கு மேலால் தண்ணீர் போனால் ஜீப்பைத் திருப்பணும் என்று வாக்கு வாங்கியிருக்கிறோம். வாப்பாவுக்கு முன்னால.