புறாவை விரட்டப் பருந்து!

மொட்டை மாடியில் புறாக்களுக்குத் தானியம் இறைப்பது என் மாமியாருக்கு நித்திய கடமை. "வாயில்லா ஜீவன்மா, புண்ணியம்" என்பார். எச்சத்தைத் தேய்த்துக் கழுவுவது என் கடமை!

இப்படியிருக்க, அவருக்கு வறட்டு இருமல் வந்தது. ஆறு மாதமாகியும் விடவில்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் புறா உண்டா?" புறா எச்சத்தின் பொடியும் இறகுத் தூசியும் நாள்தோறும் மூச்சோடு உள்ளே போனால், சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை உண்டாகிவிடுமாம். நாள்பட விட்டால் நுரையீரலில் தழும்பே விழுந்துவிடுமாம். எனக்குப் பகீரென்றது.

வீட்டுக்கு வந்து புலம்பியபோது என் மகன் சொன்ன விஷயம்தான் இந்தக் கட்டுரை.

லண்டன் விம்பிள்டன் டென்னிஸ் மைதானத்திலும் இதே புறாத் தொல்லைதான். புல் விதைகளைக் கொத்தும். கூரை உத்தரங்களில் குடியிருக்கும். அங்கே ரூஃபஸ் என்ற ஹாரிஸ் பருந்தைப் பழக்கி, ரசிகர்கள் வருவதற்கு முன்பே விடியற்காலையில் பறக்கவிட்டார்கள். அதற்குப் படம் ஒட்டிய அடையாள அட்டைகூட உண்டு! 2012-ல் காரில் வைத்திருந்தபோது கூண்டோடு யாரோ திருடிப்போக, ஊரே கவலைப்பட்டது. நல்லவேளை, சில நாட்களில் கிடைத்துவிட்டது.

ஹாரிஸ் பருந்தின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டங்கள். கூட்டமாகச் சேர்ந்து வேட்டையாடும் குணம் உள்ளதால் மனிதரோடும் எளிதில் பழகும். பழக்குகிறவர் தோல் உறை போட்ட கையில் இறைச்சித் துண்டை வைத்துக் கூப்பிடுவார். முதலில் காலில் நீளக் கயிறு கட்டி, நம்பிக்கை வந்தபின் அவிழ்த்துவிடுவார். தினமும் தராசில் நிறுத்துப் பார்ப்பார். வயிறு நிறைந்திருந்தால் பறந்து போய் மரத்தில் உட்கார்ந்துகொள்ளும். மிகவும் பசித்தால் சோர்ந்துவிடும். எடை சரியாக இருந்தால்தான் வேலை.

"நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு நேர் எதிர்! இவங்களுக்கு வயிறு நிறைஞ்சாத்தான் வேலை ஓடும்" என்று மாமியார் சிரித்தார்.

பருந்தின் வேலை புறாவைக் கொல்வதல்ல. அதன் நிழலைக் கண்டாலே 'இந்த இடம் ஆபத்து' என்று புறாக்கள் வேறிடம் தேடும். ஆனால் பருந்து வருவது நின்றால் திரும்பி வந்துவிடும்.

"அப்போ நாமும் ஒண்ணு வளர்க்கலாமே?" என்றார் மாமியார். கூடவே கூடாது! 1972-ம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பருந்து, வல்லூறுகளைப் பிடித்து வளர்ப்பது குற்றம்.

மகன் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்திலும் பருந்தை விட்டார்கள். ஆனால் அது மட்டும் போதவில்லை. புறாத் தீனி விற்ற கடையை எடுத்தார்கள். 2003-ல் தீனி போடுவதையே தடை செய்தார்கள். அதன் பிறகுதான் கூட்டம் நன்றாகக் குறைந்தது.

மாமியார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ பருந்து வேண்டாம், என் கைதான் நிக்கணும். இல்லியா பாட்டி, தாத்தா காலத்துப் பழக்கம்னு பார்த்தேன்..." என்றார். குரல் கம்மியது. தானிய டப்பாவை அவரே என்னிடம் கொடுத்தார்.

முதல் வாரம் புறாக்கள் வந்து வந்து ஏமாந்தன. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பிறகு குறைந்தன. பால்கனிக்கு வலை அடித்தோம். மருந்தோடு இதுவும் சேர, இருமல் மெல்லத் தணிந்து வருகிறது. காக்கைக்கு ஒரு கவளம் சாதம் மட்டும் இன்றும் உண்டு!

சகோதரிகளே, எச்சத்தைக் காய்ந்தபடியே பெருக்காதீர்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, தண்ணீர் தெளித்து ஊறவைத்துத் துடையுங்கள். குழந்தைகளை அப்போது கிட்டே விடாதீர்கள். இருமல் நீடித்தால், வீட்டுக்குப் புறா வருவதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.