கையொப்பம் மட்டும் போதுமா?

என் மூத்த சகோதரியை அண்மையில் கொழும்பிலுள்ள தனியார் வைத்தியசாலையொன்றுக்கு சீ.ரி. ஸ்கேன் எடுப்பதற்காக அழைத்துச் சென்றிருந்தேன். முப்பது ஆண்டுகள் கிராமப் பாடசாலைகளில் தமிழ் கற்பித்தவர் அவர். நடைபாதையிலே காத்திருந்தபோது, ஆங்கிலத்தில் மட்டும் அச்சிடப்பட்ட படிவமொன்று அவரிடம் நீட்டப்பட்டது. ‘வழமையான போர்ம்தான், சைன் பண்ணுங்கோ அம்மா’ என்றார் தாதி. அக்கா கையொப்பமிட்டார். எதற்குச் சம்மதித்தார் என்பதை அவர் அறியார். பல ஆண்டுகளாக மெற்போர்மின் விழுங்கும் நீரிழிவு நோயாளி அவர். அதை எவரும் கேட்கவில்லை. சிறுநீரகம் எவ்வாறு இயங்குகிறது என்றும் கேட்கவில்லை.

அக்காவுக்கு எதுவும் நேரவில்லை. எதுவும் நேராதபடியால்தான் இத்தகைய கதைகள் எழுதப்படுவதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நாம் ‘சாயம்’ என்று அழைக்கும் இத்திரவம் எதற்கும் நிறமூட்டுவதில்லை. சீ.ரி. பரிசோதனையில் ஏற்றப்படும் அயடீன் சேர்வை, எக்ஸ் கதிர்களைத் தடுத்து இரத்தக் குழாய்களைத் தெளிவாகக் காட்டுகிறது. எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் ஏற்றப்படுவது கடோலினியம் என்னும் உலோகத்தின் சேர்வை. இவை எண்ணற்ற உயிர்களைக் காத்துள்ளன என்பதில் எனக்கு ஐயமில்லை. இன்று பயன்படும் அயனியற்ற அயடீன் சேர்வைகளால் கடுமையான ஒவ்வாமை ஏற்படுவது ஏறத்தாழப் 10,000 பேரில் 4 பேருக்கே. சிறுநீரகத்துக்கு இவை இழைக்கும் தீங்கும் முன்னர் மிகைப்படுத்தப்பட்டது என்றே இன்று நிபுணர்கள் கருதுகின்றனர். ஆனால் சிறுநீரகம் மிகவும் பழுதுற்றவருக்கு ஆபத்து உண்மையானது. அந்த ஒருவர் யார் என்பதைக் கேளாமல் எவ்வாறு அறிவது?

வரலாறு நமக்குக் கற்பித்தது என்ன? 1930களின் தொடக்கத்தில் ‘தோரோட்ராஸ்ட்’ என்றொரு சாயம் சந்தைக்கு வந்தது. தோரியம் என்னும் கதிரியக்கப் பொருளால் ஆனது அது. படங்கள் அற்புதமாக இருந்தன. நோயாளிக்கு உடனடி உபாதை எதுவுமில்லை. ஆனால் ஈரலிலும் மண்ணீரலிலும் தங்கிய தோரியம் வெளியேறவேயில்லை. அதன் அரைவாழ்வுக் காலம் 1,400 கோடி ஆண்டுகள்! இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து ஈரற் புற்றுநோய் தோன்றியது. ‘இதுவரை எதுவும் நடக்கவில்லை’ என்ற வாக்கியத்தின் விலை அது.

கடோலினியத்தின் கதை வேறு. ஆயினும் பாடம் ஒன்றே. 1988இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற இச்சேர்வைகள் ஏறத்தாழ முற்றிலும் பாதுகாப்பானவை எனக் கருதப்பட்டன. சிறுநீரகம் செயலிழந்தோர் சிலரின் தோல் மரக்கட்டைபோல் இறுகி, மூட்டுகள் மடங்காது போவதற்கும் இச்சாயத்துக்கும் தொடர்பிருப்பதை 2006இல் ஒஸ்திரிய வைத்தியர் ஒருவரே சுட்டிக்காட்டினார். மறுவருடமே அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் கடும் எச்சரிக்கையை விதித்தது. அதன்பின் புதிய நோயாளிகள் அரிதாகிப் போயினர். எச்சரிக்கை நோயைத் தடுத்ததேயன்றிப் பீதியை விளைவிக்கவில்லை.

2014இல் யப்பானிய ஆய்வாளர்கள், பலமுறை இவ்வூசி ஏற்றப்பட்டவர்களின் மூளையில் அதன் சுவடு தங்குவதற்கான அறிகுறிகளைக் கண்டனர். அதனால் மூளைக்குத் தீங்கு நேர்ந்ததாக இன்றுவரை நிரூபணமில்லை. ஆயினும் 2017இல் ஐரோப்பிய ஒன்றியம், உலோகத்தை உறுதியாகப் பிணைத்துவைக்காத நேர்ச்சங்கிலி வகைச் சேர்வைகள் பலவற்றை இடைநிறுத்தியது. ஈரற் பரிசோதனைக்கான இரண்டை வரையறையுடன் அனுமதித்தது. அமெரிக்கா அவற்றைத் தடைசெய்யவில்லை. ஆனால் நோயாளிக்கு விளக்கப் பிரசுரம் வழங்கவேண்டுமென 2018இல் ஏற்பாடு செய்தது. முடிவுகள் இரண்டு, ஆனால் நோயாளியை அறிவுடைய மனிதராக மதித்ததில் இரண்டும் ஒன்றே.

‘எல்லாவற்றையும் சொன்னால் சனம் பயந்து ஓடிவிடும்’ என்றார் வைத்திய நண்பர் ஒருவர். புற்றுநோயைக் காட்டவேண்டிய பரிசோதனையை அஞ்சித் தவிர்ப்பவர் சாயத்தால் அல்ல, அச்சத்தாலேயே மடிவார் என்பது உண்மைதான். ஆனால் அந்த அச்சத்தை வளர்ப்பது எது? வைத்தியர் மௌனம் காக்கும் இடத்தில் வதந்தி பேசுகிறது. இறால், நண்டு ஒவ்வாதவருக்கு அயடீன் ஊசி கூடாதென்ற ஆதாரமற்ற நம்பிக்கை இன்னும் வாழ்வது எவ்வாறு? ‘உடலிலுள்ள கடோலினியத்தை அகற்றுகிறோம்’ என நிரூபிக்கப்படாத சிகிச்சைகளை விற்போர் பிழைப்பது எவ்வாறு?

வடமத்திய மாகாணத்தில் காரணம் புலப்படாத சிறுநீரக நோய் பல்லாயிரம் விவசாயிகளை வாட்டும் நாடு இது. 2023இல் தரமற்ற தடுப்புப் புரத மருந்து அரச வைத்தியசாலைகளுக்குள் நுழைந்த விவகாரத்தில், முன்னாள் சுகாதார அமைச்சரே 2024இல் கைதானார். இந்நாட்டில் ‘நம்புங்கள்’ என்று மட்டும் சொல்வது போதாது.

நான் கேட்பது அதிகமில்லை. சாயம் அவசியந்தானா, அதன் பெயர் என்ன, சிறுநீரகப் பரிசோதனை முடிவு எங்கே என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். படிவம் நோயாளியின் மொழியில் வேண்டும். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழை அரசகரும மொழியாக்கியது. ஸ்கேன் அறையின் வாசலுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

வாசிக்க முடியாத தாளில் பெறப்படும் கையொப்பம் வைத்தியசாலையைக் காக்கும் கவசம். அதற்குச் சம்மதம் என்று பெயரிடாதீர்கள்.